காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்

விஜயம் பாலை ஆடையோடு குடித்தாள்.

டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அடியில் ஒட்டிய நுரையைக்கூட விடாமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேலுதட்டில் படிந்த வெள்ளையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். சீதாலக்ஷ்மி கரண்டியும் கையுமாக அடுப்புக்கு எதிரே அப்படியே நின்றாள். ஆறு வயதுக்குள் ஒரு நாள்கூட அந்தக் குழந்தை ஆடை மிதக்கும் பாலைத் தொட்டதில்லை. நூலளவு ஏதாவது நாக்கில் பட்டால் போதும், குமட்டிக்கொண்டு முற்றத்துக்கு ஓடும்.

"பாத்தியா சீதா? நாலு ஊர் சுத்தினா கொழந்தைகளோட பிடிவாதமெல்லாம் போயிடும்னு சொன்னேனோல்லியோ?" என்றார் வராந்தாவில் சாய்ந்திருந்த அவள் கணவர் ராமசுப்ரமணியன்.

சீதாலக்ஷ்மி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். முந்தைய நாள் மாலை இதே சமையலறையில் பாலை ஆற்றும்போது, 'ஆடையோட குடிச்சா உடம்பு தேறும், எங்கே குடிக்கறா?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அவளுக்கு நினைவு வந்தது. அப்போது விஜயம் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

அது கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, வைகாசிக்குச் சரியான எடவ மாசம். அவர்கள் திருவனந்தபுரத்தை விட்டுக் கிளம்பி நாற்பது நாளாகியிருந்தது. கோர்ட்டுக்கு விடுமுறை விட்ட மறுநாளே வக்கீல் ராமசுப்ரமணியன் ஸ்ரீவராகத்து வீட்டுச் சாவியைத் தம்பி சேஷனிடம் கொடுத்துவிட்டு, புதிதாக வாங்கிய காரில் மனைவியையும் விஜயத்தையும் பதினோரு மாதக் கைக்குழந்தை பிச்சுமணியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தனுஷ்கோடியில் காரைக் கப்பலேற்றி, இலங்கை முழுவதும் சுற்றி, அதே வழியாகத் திரும்பி, மதுரை, தென்காசி, செங்கோட்டைக் கணவாய் என்று மலையும் இறங்கியாயிற்று. வீட்டுக்கு இன்னும் இருபத்தைந்து மைல்கூட இல்லை. பொன்முடி மலையையும் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று அவர்தான் வண்டியை வித்துராவுக்குத் திருப்பினார். வந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்தது. நெடுமங்காட்டு வழியில் இருந்த பாலத்தின் மேல் வெள்ளம் ஓடியது. ஊருக்கு வெளியே இருந்த பிரயாணிகள் பங்களாவில் மூன்றாவது நாளாக அடைந்து கிடந்தார்கள்.

ஓயாத மழை. ஓட்டுக்கூரையில் அது கொட்டுகிற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்பது போலவே சீதாலக்ஷ்மிக்கு இருந்தது. சுவரில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வந்தது. துவைத்துப் போட்ட துணிகள் காயாமல் புழுங்கி நாறின. ஆனால் விஜயத்தின் தலையிலிருந்து வந்த மணம் அந்த நாற்றத்தில் சேரவில்லை. காய்ச்சிய எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணிப் புகை காட்டிய பிறகும், முகர்ந்தால் அடியில் கசங்கிய பச்சை இலையின் வாசனை வந்தது. இலங்கையில், அப்புத்தளை மலையில் மூக்கில் ஏறிய வாசனை.

அப்புத்தளைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த யோசுவா, ராமசுப்ரமணியனோடு காலேஜில் படித்தவர். அவர் ஏற்பாடு செய்து கொடுத்த விடுதியில் தங்கியிருந்த இரண்டாம் நாள் மாலை, செடிகளுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருந்த விஜயம், மூடுபனி இறங்கிய கால்மணி நேரத்தில் காணாமல் போனாள். தோட்டத்து ஆட்கள் இருநூறு பேர் பந்தம் பிடித்து விடிய விடியத் தேடினார்கள். விடாத தூறல். புதிதாக வந்து சேர்ந்த ஒவ்வொரு கூட்டமும் குழந்தை எப்படி இருப்பாள் என்று கேட்டது. மஞ்சள் பாவாடை, இரட்டைப் பின்னல், கையில் கருவளையல், முன்பல் ஒன்று விழுந்திருக்கும் என்று சீதாலக்ஷ்மி ஒவ்வொருவரிடமும் கத்திச் சொன்னாள். பனிக்குள் நின்று, விஜயம், விஜிக்குட்டி, என் தங்கக்கட்டி, அம்மாகிட்ட வாடி என்று வீட்டில் அழைக்கும் பெயர்களையெல்லாம் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டிப்போயிற்று.

விடிந்தபோது விஜயம் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

யாரும் கண்டுபிடித்துக் கொண்டுவரவில்லை. காரின் கதவுகள் சாத்தியபடி இருந்தன. மஞ்சள் பாவாடை, இரட்டைப் பின்னல், கருவளையல், விழுந்த முன்பல். பாவாடையில் ஒரு சொட்டு ஈரமில்லை. யோசுவா கைகூப்பி அழுதார். பயத்தில் இரவே வந்து வண்டிக்குள் ஏறித் தூங்கிவிட்டாள் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். சால்வை எடுக்கவும் தீப்பெட்டி எடுக்கவும் அன்றிரவு இரண்டு முறை தான் அந்தக் காருக்குப் போனதைச் சீதாலக்ஷ்மி அப்போது சொல்லவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சந்தேகம் கப்பலில்தான் வந்தது. தலைமன்னாரிலிருந்து திரும்பும்போது சீதாலக்ஷ்மி குழந்தைக்குப் பாவாடை மாற்றிவிட்டாள். இடது முழங்காலுக்குக் கீழே, இரண்டு வயதில் காபிப் பாத்திரம் சரிந்து சுட்ட தழும்பு இருக்கவேண்டும். வழவழவென்று வெறும் தோல் இருந்தது.

"ஏன்னா, இங்கே பாருங்கோ. எடது முட்டிக்குக் கீழே அரசிலை மாதிரி ஒரு வடு இருந்துதே, காணோம்."

"கொழந்தை வளர்றது, வடு மறையறது. இதைப்போய்..." என்று அவர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை மதுரைச் சத்திரத்தில் தழும்பு இருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே. அரசிலை மாதிரி. உண்மையில் அது ஒரு கோணல் கோடாகத்தான் இருக்கும். அரசிலை என்பது அவள் வாயில் சும்மா வந்த சொல்.

அன்றிலிருந்து சீதாலக்ஷ்மி பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

பால் குடித்த அன்று பிற்பகல். ராமசுப்ரமணியன் பாலத்தைப் பார்த்து வரக் குடையோடு போயிருந்தார். பிச்சுமணி தூங்கினான். கூடத்துப் பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்த சீதாலக்ஷ்மிக்கு, மழை ஒரு நிமிஷம் தணிந்தபோது, சாத்தியிருந்த பின்னறைக் கதவுக்கு அப்பாலிருந்து விஜயத்தின் குரல் கேட்டது.

"அம்மா, பசிக்கறது."

எழுந்திருக்கப் போனாள்.

"அம்மா, பசிக்கறது." இம்முறை குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. பிறகு, "அம்மா... பசிக்கறது." பிறகு 'அம்மா' மட்டும் நீண்டது. பிறகு 'றது' மட்டும், நாலு தடவை, ஐந்து தடவை, பாட்டு வாத்தியார் சொல்லிக்கொடுத்த இடத்தையே பிடித்துக்கொண்டு பாடிப் பார்க்கிற மாணவி மாதிரி. ஒரு சிரிப்பு. அதே சிரிப்பு மறுபடியும், கொஞ்சம் சின்னதாக. மழை மறுபடி வலுத்து எல்லாவற்றையும் மூடியது.

கதவு திறந்தது. விஜயம் வாசற்படியில் நின்றாள்.

"அம்மா, பசிக்கறது," என்றாள்.

அச்சு அசலாக இருந்தது. சீதாலக்ஷ்மி எழுந்து போய்ச் சாதம் பிசைந்து கொடுத்தாள். நெய் தரையில் சிந்தியது. தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ? ஒரு ராத்திரி முழுக்கக் குழந்தையைத் தொலைத்தவளுக்கு அப்படி ஆகக்கூடாதா? பெற்ற பெண்ணைப் பார்த்து இப்படி நினைக்கிறவள் ஒரு தாயா? உருண்டை உருண்டையாகக் கையில் வைத்தாள். விஜயம் ஒவ்வொன்றையும் வாங்கிச் சாப்பிட்டபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் சீதாலக்ஷ்மி ஒரு பொய் சொன்னாள்.

ராமசுப்ரமணியன் பழைய பத்திரிகை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். விஜயம் அவர் காலடியில் புளியங்கொட்டைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பிச்சுமணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, எதையோ இப்போதுதான் நினைத்துக்கொண்டவள் போலக் குரலை வைத்துக்கொண்டு சீதாலக்ஷ்மி சொன்னாள்:

"ஏன்னா, இவளுக்கு வலது காதுக்குப் பின்னால கடுகத்தனை ஒரு மச்சம் இருக்கே, அது பெரிசாறதோன்னு நேக்கு ஒரு சம்சயம். ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்டக் காட்டணும்."

"காட்டினாப் போறது," என்றார் அவர், பத்திரிகையை விலக்காமல்.

புளியங்கொட்டையை எடுக்க நீண்ட சின்னக் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு எடுத்தது.

காலையில் மழை விட்டிருந்தது. வெயில் ஏறாத வெளிச்சத்தில், சீதாலக்ஷ்மி விஜயத்தை வராந்தாப் படியில் உட்கார்த்தித் தலை வாரினாள். இடப்பக்கம் பின்னி முடித்தாள். வலப்பக்கத்து முடியை ஒதுக்கினாள்.

இருந்தது.

கடுகத்தனை. கறுப்பாக. நேற்று வரை எதுவுமே இல்லாத இடத்தில். இந்தக் காதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணெய் தடவித் தடவி அவள் அறிவாள். சீப்பைக் கீழே போடவில்லை. அலறவில்லை. மூன்று கால்களாக முடியைப் பிரித்தாள். பின்னினாள். ரிப்பனைக் கட்டினாள்.

விஜயம் திரும்பாமலே கேட்டாள்: "சரியா இருக்கா, அம்மா?"

"எது?"

"பின்னல்."

சீதாலக்ஷ்மி உள்ளே போய்ப் பிச்சுமணியை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். பிறகு கணவரைக் காருக்கு அந்தப்புறமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். கார், உலர்ந்த பாவாடை, தழும்பு, பின்னறையில் கேட்டது, மச்சம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கோர்ட்டில் எதிர்க்கட்சிச் சாட்சியை அவர் இப்படித்தான் கேட்பாராக இருக்கும்.

"மச்சம் இருக்குன்னு நேத்திக்கு நீதானே சொன்னே?"

"பொய் சொன்னேன். அங்கே மச்சமே கெடையாது. அவ என்ன பண்றான்னு பாக்கறதுக்காகச் சொன்னேன்."

அவர் வராந்தாவுக்குப் போனார். விஜயத்தின் காதை மடக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இருக்கே, சீதா."

"அதைத்தான் சொல்றேன்!"

அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவள் இடுப்பிலிருந்த பிச்சுமணியை மெதுவாக, மிக மெதுவாக, விரல் விரலாக விடுவித்து வாங்கிக்கொண்டார்.

"விஜயம், இங்கே வாம்மா. தம்பியைச் சித்த நேரம் வெச்சுக்கோ. அம்மாவுக்கு உடம்பு முடியலை."

அவள் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். பிச்சுமணி அழவில்லை. அக்காவைக் கண்டாலே கைகொட்டிக் குதிக்கிற குழந்தை, அவள் தோளில் கட்டை மாதிரி விறைத்து, கண்ணிமைக்காமல் அம்மாவைப் பார்த்தது.

பங்களாவைப் பெருக்கவரும் ஞானபாய் அன்று பால் செம்பைப் படியிலேயே வைத்துவிட்டு நின்றாள். போணக்காட்டு எஸ்டேட்டில் பல வருஷம் இருந்தவள். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள்.

"நான் அகத்த வரல்லம்மா. இன்னைக்குப் பாலத்துல வெள்ளம் வத்திருச்சு. நீங்க உச்சைக்கு முன்ன போயிருங்க."

"ஏன் ஞானபாய், என்ன ஆச்சு?"

அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து அந்தக் கொச்சுப் புள்ள எங்கிட்ட வந்து கேட்டா, உனக்குப் பெண்குஞ்சு உண்டான்னு. உண்டுன்னேன். அவ எப்படிச் சிரிப்பா, சிரிச்சுக் காட்டுன்னா. நானும் வெளையாட்டுன்னு காட்டினேன். திருப்பிச் சிரிச்சா அம்மா. என் மோளுதான். என் மோளு சிரிப்புதான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என் வீட்டுக்கு வழி எதுன்னும் கேட்டா. நான் சொல்லல்ல."

அப்படியானால் பைத்தியம் இல்லை. அந்த எண்ணம் சீதாலக்ஷ்மிக்கு ஆறுதலாக இல்லை. பைத்தியமாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பதினோரு மணிக்குக் கிளம்பினார்கள். பிச்சுமணியைக் கெஞ்சி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் விஜயம் தனியாக. ஜன்னலெல்லாம் திறந்திருந்தும் வண்டிக்குள் பச்சை இலை வாசனை நிறைந்திருந்தது. பாலத்தில் தேங்கிய சேற்றில் சக்கரம் இரண்டு முறை புதைந்து, ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளவேண்டியிருந்தது. அதிலேயே பிற்பகல் போயிற்று. நெடுமங்காடு தாண்டியதும் சாலை நன்றாக இருந்தது. ராமசுப்ரமணியனுக்குக்கூட முகம் தெளிந்தது.

"அப்பா," என்றது பின்னாலிருந்து வந்த குரல். "நம்ம ஆம் எப்படி இருக்கும்?"

அவர் சிரித்தார். "நாப்பது நாள்ல மறந்து போச்சா? சொல்றேன் கேளு. தெருவுல நுழைஞ்சா எடது பக்கம் ஏழாவது ஆம். வாசல் கதவு பச்சை. ரேழி தாண்டினா கூடம், கூடத்துல ஊஞ்சல்..."

"சொல்லாதேங்கோ," என்றாள் சீதாலக்ஷ்மி.

"என்ன சீதா இது?"

"சொல்லாதேங்கோ. ஒண்ணும் சொல்லாதேங்கோ."

"கொழந்தை கேக்கறா. ஊஞ்சலைத் தாண்டி ரெண்டாம் கட்டுல கிணறு. கிணத்தடியில உன்னோட துளசிச் செடி. ராத்திரி நீ படுத்துக்கறது அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவுல. சுவரோரம் படுத்துக்க பயப்படுவே, ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இருக்கு," என்றது குரல். கொஞ்சம் கழித்து, "அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவுல."

சீதாலக்ஷ்மி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பேரூர்க்கடை வந்தது. கடைவீதி வந்தது. கோட்டை வாசல் வந்தது. தெரிந்த தெருக்கள், தெரிந்த முகங்கள், கோயில் பக்கம் போகிற பெண்கள். எல்லாரும் காரைப் பார்த்துச் சிரித்தார்கள். இறங்கி யாரிடமாவது சொல்லலாம். என்னவென்று சொல்வது?

ஸ்ரீவராகத்தில் வண்டி நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விஜயம் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். இடது பக்கம் ஏழாவது வீடு. பச்சைக் கதவு. தயங்காமல் உள்ளே ஓடினாள். ரேழி, கூடம், ஊஞ்சல். கிணற்றடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

சேஷன் வாசலுக்கு வந்தான். இருபத்திரண்டு வயது, செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா. மூட்டைகளை வாங்கி வைத்தான். அவற்றை எண்ணி எடுத்து வைக்கிற அவசரத்தில் சீதாலக்ஷ்மி பிச்சுமணியைக் கூடத்துப் பாயில் கிடத்தினாள். ஒரு நிமிஷம்தான். அவள் திரும்பியபோது சேஷன் ஒரு தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாவைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இது வந்து நாலு நாளாச்சு. அப்புத்தளையிலேருந்து. நீங்க வழியில எங்கே இருக்கேள்னு தெரியலை, அனுப்ப முடியலை. நேக்கு இதுல ஒண்ணும் விளங்கலை. கொழந்தை உங்களோடதானே இருக்கா?"

ராமசுப்ரமணியன் வாங்கிப் படித்தார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. தேதியைப் பார்த்தார். அவர் உதடுகள் வெளுத்தன.

"என்னன்னா?"

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்த பார்வையில், காலையில் காருக்குப் பக்கத்தில் அவள் சொன்ன அத்தனையும் இருந்தது.

"யோசுவா மாமா தந்தி அடிச்சிருக்கார், மன்னி," என்றான் சேஷன். காகிதத்தை வாங்கி, இங்கிலீஷைத் தமிழாக்கி, அவளுக்குப் புரியட்டும் என்று உரக்கவே படித்தான். "விஜயம் கிடைத்தாள். மலையடிக் கிராமத்து வீட்டில். நேரில் பார்த்தேன். இவளேதான். சந்தேகமில்லை..."

"சேஷா, மெள்ள!" என்றாள் சீதாலக்ஷ்மி. "மெள்ள, மெள்ள!"

"...அம்மாவிடம் போகவேண்டும் என்று ஓயாமல் அழுகிறாள். உடனே வரவும்."

பாய் வெறுமையாக இருந்தது.

கூடத்துக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவே, நிலைப்படியில், விஜயம் நின்றாள். இடுப்பில் பிச்சுமணி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள்.

யாரும் அசையவில்லை.

அவள் முகம் மெல்லச் சுருங்கியது. கீழுதடு பிதுங்கியது, கொஞ்சம் அதிகமாக, பிறகு சரியான அளவுக்கு. கண்ணில் நீர் வந்தது. அப்புத்தளையில் காரிலிருந்து எடுத்த பிறகு கடந்த பதினோரு நாளில் முதல் தடவையாக.

"அம்மாகிட்டப் போகணும்," என்றாள். "அம்மா... அம்மாகிட்டப் போகணும்."

மலையில் பனிக்குள் கேட்கவேண்டும் என்று இரவு முழுக்கச் சீதாலக்ஷ்மி தவித்த அழுகை. விக்கலும் தேம்பலும் அப்படியே. எங்கோ நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இதே நேரத்தில் ஒரு குழந்தை இப்படித்தான் அழுதுகொண்டிருக்கும். இது அதுவல்ல. அவளுக்குத் தெரியும். முழுக்கத் தெரியும். விஜயம் தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கன்னம் நனைய, ஓரடி முன்னால் வைத்தாள்.

சீதாலக்ஷ்மியின் இரண்டு கைகளும், அவளைக் கேட்காமல், அதை நோக்கி நீண்டன.